உப்புக்கு அசையாத அட்டை

குற்றாலம்,
ஆனிச் சாரல், 1934.

தூத்துக்குடியில் மகாகனம் பொருந்திய சிவசுப்பிரமணிய அத்தான் அவர்கள் சமுகத்துக்கு, மைத்துனன் வல்லிநாயகம் அநேக நமஸ்காரம். இவ்விடம் அருவி, குடும்பம், என் மூட்டுவலி எல்லாம் குறைவில்லாமல் நடக்கின்றன. அவ்விடம் அக்காள் சுகமும் கடல் சுகமும் அறிய ஆவல்.

நிற்க. மருமகன் குற்றாலிங்கம் கடலட்டையைக் காயவைத்துச் சிங்கப்பூருக்குக் கப்பலேற்றும் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தான் என்று தாங்கள் எழுதிய நாள்முதல், எங்கள் மகள் நாச்சியாரை அவனுக்குக் கொடுப்பதற்கில்லை என்று என் சம்சாரம் முத்துவடிவு ஒற்றைக் காலில் நிற்கிறாள். இங்கே அட்டை என்றால் தேனருவிக்கு ஏறும்போது காலில் ஒட்டி ரத்தம் குடிப்பதுதானே. இது யாரையும் கடிக்காது என்று காட்ட, மருமகன் காய்ந்த அட்டை ஒன்றைப் பார்சலில் அனுப்பினான் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை. பிரித்த கையோடு, மலையிறங்கி வந்தவன் காலுக்குச் செய்வதுபோல, முத்துவடிவு ஒரு கை உப்பை அதன் தலையில் போட்டாள். எங்கள் ஊர் அட்டையானால் சுருண்டு விழும். உப்பிலேயே பிறந்து வளர்ந்த இதற்கு உப்பு எம்மாத்திரம்? சுண்ணாம்பு தடவினாள், புகையிலைத் தண்ணீர் ஊற்றினாள், கடைசியில் முற்றத்தில் வீசினாள். விடாத சாரலில் ஊறி அது கொழுக்கட்டைபோல உப்பிவிட்டது.

"உப்புக்கும் சாகல, சுண்ணாம்புக்கும் சாகல, மழையில வளருது. இத விக்குத வீட்டுக்கா எம் புள்ளைய அனுப்புதிய?" என்றாள்.

நான் குடையை எடுத்துக்கொண்டு ஐந்தருவிப் பக்கம் போய் உட்கார்ந்தேன். கடிக்காததற்கு அட்டை என்று பேர் வைத்தவன் யார்? கரையில் பிறந்தவனாக இருக்க முடியாது. இந்த மலையிலிருந்து சிற்றாற்றோடு நடந்து, அது தாமிரபரணியில் கலக்க அதனோடும் நடந்து, முதன்முதலாகக் கடலைப் பார்த்தவனாகத்தான் இருக்கவேண்டும். காலடியில் கறுப்பாக ஒன்று கிடக்க, ஊர் ஞாபகம் தாங்காமல் நம் அட்டையின் பேரைச் சொல்லி அழைத்திருப்பான். சாரல் முகத்தில் விழ விழ, எனக்கு அவன் முதுகுகூடத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து நாச்சியாரிடம் இதைச் சொன்னேன். முத்துவடிவிடம் சொல்லத் தைரியமில்லை. உள்ளதைச் சொன்னால், எனக்கும் பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்ப மனம் வரவில்லை அத்தான். பேர் வைத்தவன் திரும்பி வந்ததாகத் தெரியவில்லையே.

ஆகையால் இந்தச் சம்பந்தம் வேண்டாம். கோபிக்கவேண்டாம். குற்றாலநாதர் கிருபையால் மருமகனுக்கு வேறு நல்ல இடம் அமைய ஆசீர்வாதம். அக்காளுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
வல்லிநாயகம்

பி.கு: உறையை ஒட்டப்போகையில் நாச்சியார் வாங்கிப் படித்தாள். அவள் மனது எந்தப் பக்கம் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. "இங்கன இருந்து போன ஒரு சொல்லு அங்கன பிழைச்சுக் கெடக்கே அப்பா, நான் பிழைக்க மாட்டனா?" என்றாள். முத்துவடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேலே எழுதியதெல்லாம் மழையில் கரைந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, ஆவணியில் நாள் பாருங்கள்.