ஒரே பெயரில் மூடுபனியும் ஆட்டுக்குளம்பும்

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் என் மூக்குக்கண்ணாடியும் சௌக்கியம். நீயும் அத்தானும் அத்தானின் முழங்காலும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

"லைப்ரரில புஸ்தகத்தையே தொடாம அப்படி என்னடா வேலை?" என்று போனில் கேட்டாய். ஆராய்ச்சி மாணவர்களுக்குப் பெயர் காத்துக் கொடுக்கும் வேலை அக்கா. இந்தப் பிள்ளைகள் ஒரு கட்டுரையில் இனிஷியலை முன்னால் போடுவார்கள், அடுத்ததில் பின்னால் போடுவார்கள், கல்யாணம் ஆனால் அதையும் மாற்றுவார்கள். கம்ப்யூட்டர் ஒருத்தரை மூன்று பேராக்கிவிடும். நான் ஆளுக்கொரு ஆய்வாளர் எண் வாங்கிக் கொடுத்து, சிதறிக் கிடப்பதை ஒரே பக்கத்தில் சேர்க்க வேண்டும்.

சேர்த்ததுதான் வம்பாகிவிட்டது. மூடுபனியை ஆராயும் பெண் ஒருத்தி இருக்கிறாள். எங்களுக்கு அவள் பெயரே மூடுபனி. பாதி வாக்கியத்தில் ஜன்னலைப் பார்த்து நின்றுவிடுவாள். அவள் எழுதியது மூன்றே கட்டுரை. நான் ஒரு பொத்தானை அழுத்தினேன், முப்பதாகிவிட்டது! மீதி இருபத்தேழும் ஆட்டுக்குளம்பு. இனிஷியல் உட்பட அதே பெயரில், ஓய்வுபெற்ற கால்நடை டாக்டரம்மா ஒருவர் இருக்கிறாராம். மறுவாரம் இவளுக்கு விரிவுரையாளர் இன்டர்வியூ. ஓடிப்போய்ப் பட்டியலை அவளிடம் காட்டினேன். அவளோ பட்டியலை மெல்லப் படித்துவிட்டு, "நான் இவ்வளவு ஆட்டைப் பாத்திருக்கேனா சார்?" என்றாள், கனவை நினைவுபடுத்திக்கொள்பவள்போல.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"இருக்கட்டுமே தம்பி. ரிட்டயர் ஆனப்புறம் என் பேரை மருந்துச் சீட்டுலதான் பாக்கறேன். அந்தப் பொண்ணு கூடவே போகட்டும்."

அப்படியே விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனாலும் கடமை இருக்கிறதே! பனி இந்தப் பக்கம், குளம்பு அந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஒன்று மட்டும் நடுவில் நின்றது: 'மூடுபனிக் காலையில் ஆடுகளின் நடை.' டாக்டரம்மாவை மறுபடி கேட்டேன். "என்னோடதுதான். அன்னைக்கு ஆடே கண்ணுக்குத் தெரியல, மணிச்சத்தம் மட்டும் கேட்டுது. கேட்டதை எழுதிட்டேன்" என்றார். அவர் பக்கத்துக்கு மாற்றலாம் என்று திறந்தவன் படித்துக்கொண்டே இருந்துவிட்டேன். மாற்ற மறந்தேன்.

இன்டர்வியூவில் அதையேதான் கேட்டார்களாம். "அது நான் எழுதினது இல்லீங்க" என்று இவள் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். "ஆனா அந்த ஆடுங்க பின்னாடி ஒரு தடவை நடந்து பாக்கணும்" என்றாளாம். வேலை கிடைத்துவிட்டது அக்கா!

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். இனி ஒருவர் பெயர் இன்னொருவரோடு ஒட்டாது. அந்த விஷயம் தீர்ந்தது.

இப்படிக்கு,
தம்பி

பி.கு.: இதைத் தபாலில் போட மறந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. இதற்குள் அவள் டாக்டரம்மாவைத் தேடிப் போய், இருவரும் பனியில் ஆடுகளின் பின்னால் நடந்து, சேர்ந்து ஒரு கட்டுரையும் எழுதிவிட்டார்கள். ஆசிரியர் இருவர், பெயர் ஒன்று. ஒரே பெயர் தவறுதலாக இரண்டு முறை வந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் ஒன்றை அழித்துவிட்டது. யாரை என்று தெரியாமல் முழிக்கிறேன். தனித்தனியே கேட்டேன். இருவரும் சொல்வது ஒன்றுதான்: "என்னைத்தான் அழிச்சிருக்கும். அவங்க பேரு இருக்கட்டும்."