ஹெலிகாப்டரைக் கொண்டுபோன சகலைக்கு

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட சகலை அவர்களுக்கு, மூத்த சகலை எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் மனைவியின் அக்காவும் நலம். அங்கு நீங்களும் என் கொழுந்தியாளும் குட்டிப் பெண்ணும் நலமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருக்காமல் என்ன? எங்கள் ஹெலிகாப்டர் உங்களிடம்தானே இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய படிவம் திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. “இத்தளத்தில் ஹெலிகாப்டர் எதுவும் இல்லை, ஆகவே போலீஸ் ஹெலிகாப்டர் தளத்தை நிரந்தரமாக மூடுவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை” என்று அச்சடித்து, கீழே தளப் பொறுப்பாளர் கையெழுத்துக்கு ஒரு கோடும் போட்டிருக்கிறீர்கள். பொறுப்பாளர் என்று இங்கே மிச்சம் இருப்பது ஸ்டோர்கீப்பரான நான் ஒருவன்தான். அந்தக் கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டால், மாதக் கடைசியில் ஷெட்டைப் பூட்டிவிட்டு, தொலைந்துபோன பொருட்களை வைக்கும் அறைக்கு நான் மாற்றலாகிப் போக வேண்டும். ஓய்வு பெறும் வரை மிச்சமிருக்கும் நான்கு வருடத்தையும் குடை, ஒற்றைச் செருப்பு, யாரோ மறந்துவிட்டுப் போன பல்செட் இவற்றோடு ஓட்ட வேண்டும். படிவத்தின் ஓரத்தில் பேனாவால், “சகலை, சீக்கிரம் அனுப்பிடுங்க, நம்ம ஆளுன்னு உங்களைத்தான் நம்பியிருக்கேன்” என்று வேறு எழுதியிருந்தீர்கள். படித்ததும் வயிறு குளிர்ந்தது என்று எழுதத்தான் ஆசை. எரிந்தது.

இதைப் பொறாமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வண்டி வாங்கிய கதை உங்களுக்கு மறந்திருக்கும், அதனால் நினைவுபடுத்துகிறேன். (நாங்கள் ஹெலிகாப்டரையும் வண்டி என்றுதான் சொல்வோம். உங்கள் தலைமைத் தளத்தில் ‘வானூர்தி’ என்று சொல்ல வேண்டும் எனச் சுற்றறிக்கை விட்டிருக்கிறீர்களாம்.) பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊர்ப் போலீசுக்கு ஒரு ஹெலிகாப்டர் வேண்டும் என்று முடிவானபோது, அப்போதைய பெரிய அதிகாரி வண்டிக்கு ஒரு டெண்டர், உடம்புச் சூட்டைக் காட்டும் கேமராவுக்கு ஒரு டெண்டர், தேடு விளக்குக்கு ஒரு டெண்டர் என்று மூன்றாகப் பிரித்தார். கேமரா முதலில் வந்தது. மாட்டுவதற்கு ஹெலிகாப்டர் இல்லாததால் பதினான்கு மாதம் என் மேசைக்கடியில் பெட்டியோடு கிடந்தது; கால் வைத்துக்கொள்ள வசதியாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. பிறகு விளக்கு வந்தது. கடைசியாக வண்டி வந்து இறங்கியபோதுதான் கேமராவை மாட்டும் சட்டம் வேறு மாடலுக்கானது என்று தெரிந்தது. அதை மாற்றி, எல்லாவற்றையும் மாட்டி, எண்ணெய் நிரப்பி எடை பார்த்தால் இரண்டு பேருக்குத்தான் இடம், அந்த இரண்டு பேரும் ஒல்லியாக இருக்க வேண்டும். பைலட்டை மாற்ற முடியாது. ஆகவே கேமரா பார்க்கும் வேலைக்கு ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய் ஆட்களை நிறுத்துப் பார்த்தோம். சிக்கியவர் போலீஸ் பேண்டில் குழல் ஊதிக்கொண்டிருந்த ஒரு கான்ஸ்டபிள். பறக்கிற நாளில் அவருடைய மதியச் சாப்பாட்டை நான் தராசில் வைத்துத்தான் கொடுப்பேன். நான் ஒரு தடவைகூட ஏறியதில்லை. என்னை ஏற்ற வேண்டுமென்றால் தேடு விளக்கைக் கழற்ற வேண்டியிருக்கும் என்று பைலட் மரியாதையாகச் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில் நீங்கள் என்ன சொன்னீர்கள் தெரியுமா? மாமனார் வீட்டு மொட்டை மாடியில் நின்றுகொண்டு, “இந்தத் தும்பிக்காகவா சகலை இவ்வளவு ஆர்ப்பாட்டம்?” என்றீர்கள். அப்போது நீங்கள் போக்குவரத்து அபராதப் பிரிவில் தபால் பதிந்துகொண்டிருந்தீர்கள்.

அந்தத் தும்பியில் ஒவ்வொரு பாகத்துக்கும் இத்தனை மணி நேரம்தான் பறக்கலாம் என்று ஆயுள் உண்டு. மணி முடிந்துவிட்டால், பாகம் புதுசாக மின்னினாலும் கழற்றிவிட வேண்டும். சொந்த மகன் எந்த வகுப்பில் படிக்கிறான் என்பதை இரண்டு முறை தப்பாகச் சொன்ன நான், வால் விசிறி ஓடிய மணி நேரத்தை ஒரு நாளும் தப்பாகச் சொன்னதில்லை. அப்படிக் கண்ணும் கருத்துமாக வைத்திருந்த வண்டியைத்தான், நான்கு ஊர்ப் போலீசுக்கு நான்கு ஹெலிகாப்டர் எதற்கு, எப்போது பார்த்தாலும் ஒன்று பட்டறையில் நிற்கிறது, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தால் இரண்டே போதும் என்று யாரோ அறிக்கை எழுத, அந்த ஒரே இடமான தலைமைத் தளத்துக்கு அதிகாரியாகிவிட்ட நீங்கள் வந்து கொண்டுபோனீர்கள். அறிக்கையில் வரைபடத்தின் மேல் காம்பஸால் ஒரு வட்டம் போட்டு, வட்டத்துக்குள் எந்த ஊருக்கும் இருபது நிமிடத்தில் வண்டி வரும் என்று எழுதியிருந்தார்கள். நடுவில் மலை இருப்பது காம்பஸுக்குத் தெரியாது. பஸ்ஸில் ஏறினாலே ஜன்னலோரம் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு உட்காரும் நீங்கள், அன்றைக்கு முன் இருக்கையில் ஏறி, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கீழே நின்ற எனக்குக் கையசைத்தீர்கள். நானும் அசைத்தேன். புழுதி கண்ணில் விழுந்ததால் தண்ணீர் வந்தது, வேறொன்றுமில்லை.

அதோடு விட்டீர்களா? வண்டி முன்னால் நின்று படம் எடுத்து, சட்டம் போட்டு மாமியாருக்கு அனுப்பிவைத்தீர்கள். அது இப்போது கூடத்தில், டீவிக்கு மேலே தொங்குகிறது. போன வாரம் போயிருந்தபோது மாமனார் யாரோ விருந்தாளியிடம், சின்ன மாப்பிள்ளை ஹெலிகாப்டர் வைத்திருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று விருந்தாளி கேட்டதற்கு, அவரும் போலீஸில்தான், சாமான் எடுத்துக் கொடுக்கிறார் என்றார். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். படத்தில் உங்கள் தோளுக்குப் பின்னால் தெரிகிற கதவுக் கைப்பிடி நான் இரண்டு மணி நேரம் தேய்த்துத் துலக்கியது என்று எழுந்து நின்று சொல்ல நினைத்தேன். உங்கள் மனைவியின் அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

சரி, போனது போகட்டும், போன் செய்தால் வண்டி வரும் என்றீர்களே, வந்த லட்சணத்தைக் கேளுங்கள். போன மாதம் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் காலையில் வீட்டைவிட்டுப் போனவர் மதியம் வரை திரும்பவில்லை. மறதிக்காரர், ஊருக்கு வெளியே புதர்க்காடு, பிள்ளைகள் அழுகிறார்கள். உங்கள் தளத்துக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் காணாமல் போனவரின் உயரம், சட்டை நிறம் எல்லாம் கேட்டாள், நியாயம். பிறகு எங்கள் ஊர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டாள். பன்னிரண்டு கேள்வி முடிந்து, நீங்கள் ஒப்புதல் கொடுத்து, வண்டி கிளம்பி, மலையைச் சுற்றி வருவதற்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று. அதற்குள் ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளில் போய் வாத்தியாரை முடிவெட்டும் கடையில் கண்டுபிடித்துவிட்டார். வண்டியைத் திருப்பிக்கொள்ளச் சொன்னால், கிளம்பியதை ரத்து செய்ய வேறு படிவமாம். வந்தது. தெருவே மாடியில் ஏறி வேடிக்கை பார்த்தது. வாத்தியாரும் பாதி வெட்டிய தலையோடு மாடியில் நின்று கையை ஆட்டினார். மேலே இருந்தவர்கள் அவரையும் சேர்த்துப் படம் பிடித்துவிட்டு, காணாமல் போனவர் இப்பகுதியில் இல்லை என்று அறிக்கை எழுதினார்கள். நான் அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். தலைக்கு மேல் போகும்போது வண்டியின் அடிப்பக்கத்தில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல் தெரிந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கீறலை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றுதான் அடுத்த வாரம் மறுபடியும் கூப்பிட்டேன். ஆபீஸ் முறையில் கேட்டால் மறுப்பேன், குடும்பத்துக்குள் சொல்கிறேன். மரச்சாமான் கடை மாடியில் பட்டப்பகலில் ஒரு ஆள் குனிந்து குனிந்து நடமாடுவதாகத் தகவல் வந்தது. ஒரு ஜீப் போதும். நான் ஹெலிகாப்டர் கேட்டேன். அன்றைக்கென்று பார்த்துப் பதினெட்டே நிமிடத்தில் வந்து, ஒலிபெருக்கியில், “அசையாதே, ரெண்டு கையையும் மேலே தூக்கு” என்று உத்தரவு போட்டது. அவர் தண்ணீர்த் தொட்டியைப் பழுது பார்க்க வந்த பிளம்பர். பயந்துபோய் இரண்டு கையையும் தூக்கினார், கையில் பிடித்திருந்த குழாயும் கூடவே வந்துவிட்டது. தொட்டித் தண்ணீர் முழுக்கக் கடைக்குள் இறங்கிற்று. கட்டில்கள் மிதந்தன என்று கடைக்காரர் எழுதியிருப்பது அபாண்டம். நனைந்தன, அவ்வளவுதான். அந்தப் புகாரின் பின்னாலேயே, இத்தளத்திலிருந்து வரும் அழைப்புகள் அவசியமற்றவை என்ற உங்கள் குறிப்பும், கூடவே அந்தப் படிவமும் வந்தன.

மூன்று நாளாகப் படிவத்தை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நேற்று உங்கள் மனைவியின் அக்கா கேட்டுவிட்டாள்.

“அது உங்க ஹெலிகாப்டரா? அரசாங்கத்தோடது. கையெழுத்தைப் போட்டு அனுப்பிட்டு வந்து சாப்பிடுங்க. தங்கச்சி வீட்டோட எத்தனை நாளைக்கு இப்படி முறைச்சுக்கிட்டு இருப்பீங்க?”

அவள் சொல்வது சரிதான். மேலே பொறாமை இல்லை என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, அது பொய். பொறாமைதான் சகலை, தலையிலிருந்து கால்வரை பொறாமை. உங்கள் பதவியோ கறுப்புக் கண்ணாடியோ எனக்கு வேண்டாம். காலையில் ஷெட் கதவைத் திறக்கும்போது உள்ளே வண்டி நிற்கிறதே, அந்த ஒரு நிமிடம் உங்களுக்குத் தினமும் கிடைக்கிறது, எனக்கு இல்லை. திறந்தால் நடுவில் ஒரு எண்ணெய்க் கறை மட்டும் இருக்கிறது. அதற்காகப் பெண் எடுத்த இடத்தில் பகை வளர்க்க முடியுமா? மனதைக் கல்லாக்கிக்கொண்டு படிவத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் இணைத்துவிட்டேன். தளத்தை மூடிக்கொள்ளுங்கள். குடைகளோடு நான் குடும்பம் நடத்திக்கொள்கிறேன்.

கொழுந்தியாளுக்கு என் அன்பு. குட்டிப் பெண் நன்றாகப் படித்து, பெரியப்பாவைவிட மேலான வேலைக்கு வர ஆசீர்வாதம். மாமனாருக்குப் போன் செய்தால் நான் சௌக்கியம் என்று சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் நலம் ஒன்றையே நாடும்
மூத்த சகலை

பின்குறிப்பு: படிவம் இணைக்கப்படவில்லை. உறையை ஒட்டிக்கொண்டிருந்தபோது வண்டி நம் தளத்தில் வந்து இறங்கிவிட்டது. கியர் பெட்டிக்கான எச்சரிக்கை விளக்கு எரிந்ததால் பைலட் கிடைத்த இடத்தில் இறக்கியிருக்கிறார். உங்கள் இன்ஜினீயர் ஜீப்பில் வந்து பிரித்துப் பார்த்துவிட்டு, பெட்டியில் கோளாறு இல்லை, விளக்கை எரியவைக்கிற கட்டைவிரல் அளவு பாகம்தான் கெட்டிருக்கிறது, அதை மாற்றும்வரை வண்டி பறக்கக் கூடாது என்றார். கம்பெனியில் கேட்டு வாங்க ஆறு வாரம் ஆகுமாம். உதிரிப்பாக அலமாரி இன்னும் இங்கேயே இருப்பதால், ஸ்டோரில் ஒன்று இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். தேடிப் பார்க்கிறேன் என்றேன். இது நடந்து மூன்று நாள் ஆகிறது. வண்டியை ஷெட்டுக்குள் தள்ளிவைத்துக் கழுவிவிட்டேன், கீறலுக்கும் வண்ணம் பூசிவிட்டேன். ஷெட்டில் வண்டி நிற்கும்போது, இல்லை என்று கையெழுத்துப் போட்ட படிவத்தை நான் எப்படி அனுப்ப முடியும்? இன்று மதியம் உங்கள் மனைவியின் அக்கா சாப்பாடு கொண்டுவந்தாள். வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இன்னும் தேடுகிறீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “மெதுவாத் தேடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.