கிழியாத பட்டை

எங்கள் தெரு அங்கன்வாடியின் கான்கிரீட் தூணில் விரிசல் விழுந்திருக்கிறது என்று அங்கன்வாடி டீச்சர் முருகம்மாள் மனு கொடுத்தார். அரசு இயந்திரம் போர்க்கால வேகத்தில் இயங்கியது. பதினான்காவது மாதமே இளநிலைப் பொறியாளர் தருண்குமார் வந்துவிட்டார்.

"உடைக்காம, துளைக்காம கண்காணிக்கிறதுதான் இப்போ முறை" என்று விளக்கி, விரிசலின் குறுக்கே ஒரு காகிதப் பட்டையை ஒட்டித் தேதி போட்டார். விரிசல் வளர்ந்தால் பட்டை கிழியும். கிழிந்தால் கட்டடத்தை மூட வேண்டும். உள்ளே இருபத்திரண்டு பிள்ளைகள் இருந்தார்கள்.

பத்தாம் நாள் பட்டை கிழிந்தது.

"சார், கிழிஞ்சிருச்சு. பிள்ளைகள வேற இடத்துக்கு மாத்துங்க" என்றார் முருகம்மாள்.

"காகிதம் மட்டமா இருந்திருக்கும்மா."

இன்னொன்று ஒட்டினார். அதுவும் கிழிந்தது. மூன்றாவதும் கிழிந்ததும், 'காகிதத்தின் தரம் கவலைக்கிடமாக உள்ளது' என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது. மேலிடம் கனிவுடன் பரிசீலித்து, கிழியாத பட்டை வாங்க ஆணையிட்டது.

இந்த இடத்தில் நான் வருகிறேன். திருத்தங்கலில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் அச்சாபீஸ் என்னுடையது. ஆர்டர் வந்தால் எதற்கென்று கேட்கும் கெட்ட பழக்கம் எங்களுக்குக் கிடையாது.

"எவ்வளவு இழுத்தாலும் கிழியக் கூடாது, அண்ணாச்சி" என்றார் தருண்குமார்.

"ரப்பர் மாதிரி இழுபடும் சார், கவலைய விடுங்க" என்றேன்.

ஐந்து மாதம் பட்டை கிழியவில்லை. தூண் நலமாக இருப்பதாகச் சான்றிதழும் கிடைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தூண் சாய்ந்து கூரை அப்படியே உட்கார்ந்தது. நல்லவேளை, பிள்ளைகள் இல்லை. இடிபாட்டுக்குள் பட்டையைத் தேடியெடுத்த தருண்குமார் எழுதினார்: 'பட்டை கிழியவில்லை. ஆகவே விரிசல் வளரவில்லை. கட்டடம் தன்னிச்சையாக விழுந்துள்ளது.'

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அச்சாபீஸ் முன்கூடத்தைப் பிள்ளைகளுக்கு ஒழித்துக் கொடுத்தேன். ஊரே பாராட்டியது. முருகம்மாள் மட்டும் சுவரில் தொங்கிய பெரிய காலண்டரைத் தூக்கிப் பார்த்தார். அது போன வருஷத்துக் காலண்டர்.

"அண்ணாச்சி, இங்கனயும் விரிசல் கெடக்கே!"

"அது சும்மா பூச்சு விட்டதும்மா."

"அப்பச் சரி, காகிதப் பட்டை ஒண்ணு ஒட்டுங்க. கிழிஞ்சா பிள்ளைகளக் கூட்டிட்டு வெளிய போயிருதேன். நீங்களும் ஆபீஸ மூடிருங்க."

மூடுவதா? தீபாவளி சீசன், ஒன்பது கம்பெனி ஆர்டர் நிற்கிறது. மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பட்டை ஒட்டித் தேதியும் போட்டுவிட்டேன்.

நம்ம சரக்குதான். கிழியாது.