நாலு மீனும் ஒரு ஹைஸ்கூலும்

மீன் வளர்த்தால் பிள்ளைகளுக்குப் பொறுப்பு வரும் என்கிறார்கள். எனக்குக் கல்யாணம்தான் வந்தது.

ஐம்பதுகளில் ஒரு கோடை. இலஞ்சியில் எட்டாம் வகுப்பு முடித்திருந்தேன். மேலே படிக்கத் தென்காசி ஹைஸ்கூலுக்குப் போக வேண்டும். "பொட்டப்பிள்ளைக்குப் பொறுப்பு இருக்கான்னு முதல்ல பாப்போம்" என்றார் அப்பா. ஏதோ வாரப் பத்திரிகையில் மீன் தொட்டியைப் பற்றிப் படித்திருந்தார். பலகாரக் கடைக் கண்ணாடி ஜாடி ஒன்றும், சிற்றாற்றில் துண்டு போட்டுப் பிடித்த நாலு கெண்டைக்குஞ்சும் வீட்டுக்கு வந்தன. பள்ளிக்கூடம் திறக்கும்வரை நாலும் உயிரோடிருந்தால் எனக்கு ஹைஸ்கூல். (நாங்கள் சுத்த சைவம். மீனை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததே அதுதான் முதல் தடவை.)

நான் எப்பேர்ப்பட்ட அசடு என்றால், அவற்றுக்குக் கணக்கு, சரித்திரம், பூகோளம், இங்கிலீஷ் என்று பெயர் வைத்தேன். தினமும் கிணற்றுத் தண்ணீர் இறைத்து, ஜாடியில் பாதியை மாற்றுவேன். சோற்றுப் பருக்கையை நசுக்கிப் போடுவேன். விரலைக் காட்டினால் இங்கிலீஷ் மேலே வரும். எனக்குத் தெரிந்த ஐந்தாறு வார்த்தைகளை வைத்துக்கொண்டு அதனோடு இங்கிலீஷிலேயே பேசுவேன்.

சாரல் தொடங்கியது. பள்ளி திறக்க இரண்டே நாள். எண்ணெய் தேய்த்துக் குளிக்க ஐந்தருவிக்குப் போன அப்பா, தூக்குச்சட்டி நிறையத் தண்ணீரோடு திரும்பினார். அருவியடியில் கூட்டத்துக்குள் புகமுடியாமல், ஊரே குளித்து இறங்கிய ஓடையில் மொண்டிருக்கிறார்.

"மூலிகைத் தண்ணி. மனுசனுக்கே சீக்கு போவுது, மீனுக்குச் சொல்லணுமா?" என்று ஜாடியை வடித்துவிட்டு அதை ஊற்றினார்.

"அப்பா, மேல எண்ணெ மிதக்குது."

"எண்ணெயா? மூலிகைச் சாறுட்டி அது! எனக்குச் சொல்லித் தர வந்துட்டா!"

(எந்த மூலிகைக்குச் சீயக்காய் வாசனை இருக்கிறதோ!)

மறுநாள் காலையில் கணக்கு மல்லாந்து கிடந்தது. அடுத்து சரித்திரம், பிறகு பூகோளம். அழுதுகொண்டே கிணற்றுத் தண்ணீருக்கு மாற்றினேன். இங்கிலீஷ் மட்டும் மத்தியானம்வரை வாயைத் திறந்து திறந்து மூடியது.

அப்பா ஜாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நாலு மீனக் காப்பாத்தத் துப்பில்ல, நீ ஹைஸ்கூல் போயி என்னத்தக் கிழிக்கப் போற?" என்றார். அம்மா ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். இருவர் மேலும் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. இரண்டு வருஷம் அடுப்படி, பிறகு கல்யாணம்.

விசேஷ வீடு எதுவானாலும் பந்தியில் தம்பி ஆரம்பித்துவிடுவான்: "நம்ம சைவக் குடும்பத்துலயே மீனக் கொன்னது எங்க அக்கா ஒருத்திதான்!" இலை போட்ட எல்லோரும் சிரிப்பார்கள். என் மகள் எட்டாம் வகுப்பு முடித்த வருஷம் கூடவே ஒன்றைச் சேர்த்துக்கொண்டான்: "மருமவளுக்கும் ஒரு ஜாடி வாங்கியாரட்டா அக்கா?"

"ஜாடி வேண்டாம்லே. நாளைக்குக் கூட வா, இவளத் தென்காசி ஹைஸ்கூல்ல சேக்கணும்" என்றேன்.

அவள் இப்போது இங்கிலீஷில் விளாசுகிறாள். எனக்குத்தான் அந்த ஐந்தாறு வார்த்தைக்கு மேல் வரவேயில்லை.