நாற்பத்தோராவது மரகோலி மொழி

உளுந்து மூட்டையைத் தூக்குவது முதுகுதான் என்று மனித குலம் இத்தனை காலமாக ஏமாந்துகொண்டிருந்தது. தூக்குவது பழமொழியே என்று கண்டுபிடித்த பெருமை, யாங்கூன் போட்டாதாங் படகுத்துறையில் பருப்புக் கிடங்கு நடத்தும் நிறுவனத்தின் மேலாளர் 'ஊ' என்ற பர்மிய மரியாதை அடைமொழி தாங்கிய தனசேகரன் அவர்களுக்கே உரியது.

அவர் சிங்கப்பூரில் மூன்று நாள் 'தலைமைப் பயிற்சி'க்குப் போய்வந்தவர். மேற்குக் கென்யாவின் மேட்டு நிலத்தில் வாழும் மரகோலி மக்களின் நாற்பது பழமொழிகள் அடங்கிய சிறு புத்தகம் ஒன்றை அங்கே கொடுத்தனுப்பியிருந்தார்கள். இதில் மரகோலி மக்கள்மேல் குற்றமில்லை. வயலிலும் கல்யாணத்திலும் பங்காளிச் சண்டையிலும் தாங்கள் பேசிக்கொண்ட பேச்சு, கடல் தாண்டிப் போய் உளுந்து இறக்கப்போகிறது என்று அவர்களுக்கு யாரும் தகவல் தரவில்லை.

'மரகோலி மதிநுட்பத் திட்டம்' உடனே அமலுக்கு வந்தது. கிடங்குச் சுவரில் இரண்டு அங்குலக் கனத்தில், பன்னிரண்டு அடி நீளத்தில், ஒற்றைத் தேக்குப் பலகை ஏறியது. எழுத்தர் மக்தலேனா தமிழாக்கிய பழமொழியும் பொருளும் அதில் தினமும் எழுதப்பட்டு, காலை ஏழு மணிக்கு வாசிக்கப்பட்டன. பழமொழியை முழுதாகச் சொன்னால் வேலை நேரம் வீணாகும் என்பதால், எண்ணைச் சொன்னால் போதும் என்று சுற்றறிக்கை வந்தது.

அந்தத் தேக்கைப் பார்க்கும்போதெல்லாம் மேஸ்திரி பொன்னுத்துரைக்கு வயிறு எரியும். அவரும் அவருடைய ஆட்கள் பதினொரு பேரும் படகிலிருந்து கரைக்கு மூட்டையோடு நடக்கும் பலகை, நடுவில் வெடித்த இலவம் பலகை. வேறு கேட்டு இரண்டு முறை எழுதிக்கொடுத்தார். முதல் மனு 'ஏழாம் எண்' என்ற குறிப்போடு திரும்பியது. இரண்டாவது 'பத்தொன்பது' என்று வந்தது. செவ்வாய்க்கிழமை அவருடைய ஆட்களில் ஒருவனான முகைதீன் அந்தப் பலகையிலிருந்து மூட்டையோடு கல்மேல் விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டான். நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியிலிருந்த அவன் வீட்டுக்கு இருபத்துமூன்றாம் எண்ணைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அனுப்பியது. "இதுல கட்டுப் போட முடியுமான்னு கேளுங்க மேஸ்திரி" என்று அவன் சொல்லியனுப்பினான்.

பொன்னுத்துரை மேலாளர் முன் நேரில் போய் நின்றார். அங்கே 'ஐயா'வுக்குப் பர்மியச் சொல் 'ஸயா'.

"ஸயா, இன்னொரு ஆள் விழுவான். வெள்ளிக்கிழம அறுநூறு மூட்டை வருது."

"ஏழாம் எண் என்ன சொல்லுது பொன்னுத்துரை?"

"பொறுக்கச் சொல்லுது ஸயா."

"பொறுத்தீங்களா?"

"நாங்க பொறுத்துட்டோம். பலகைதான் பொறுக்கல."

மேலாளர் ஆழ்ந்து யோசித்தார். வெள்ளிக்கிழமை இயக்குநர்கள் கேமராவோடு வருகிறார்கள். அதனால் 'போர்க்கால அடிப்படையில்' நடவடிக்கை எடுக்கப்பட்டது. பழைய பலகைக்குப் பச்சைச் சாயம் அடித்து, வெடிப்பின்மேல் சரியாகப் பத்தொன்பதாம் எண்ணை வெள்ளையில் எழுதினார்கள். பத்தொன்பது ஒற்றுமையைப் பற்றியது. 'பலகை நடப்பதற்கு உகந்தது' என்று மேலாளர் தம் கையாலேயே சான்றிதழில் கையெழுத்திட்டார்.

அந்தச் சான்றிதழைக் கோப்பில் வைக்கும்போது மக்தலேனா பொன்னுத்துரையிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அண்ணே, அந்தப் புத்தகத்துல மூணு பத்தி இருக்கு. மொழி, பொருள், அப்புறம் யாரு யார்கிட்ட எப்ப சொல்றதுன்னு ஒண்ணு. மூணாவது வேணாம்னுட்டாரு."

"ஏன், அதுல என்ன கெட்ட வார்த்தையா?"

"பாதிக்கு மேல சின்னவங்க பெரியவங்களப் பாத்துச் சொல்றதுண்ணே. பத்தொன்பது, ஊர் வேலையில தோள் குடுக்காத தலைவர்கிட்ட சொல்றது."

பொன்னுத்துரை வெற்றிலையைக் குதப்பியபடி சுவரிலிருந்த தேக்கைப் பார்த்தார். "அட, நம்ம ஆளுங்கதானா அவங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை படகு வந்தது. இயக்குநர்கள் வந்தார்கள். கேமரா வந்தது. தேக்குப் பலகையின் கீழ் நின்று மேலாளர் உரையாற்றினார். பிறகு எல்லோரும் துறைக்கு இறங்கி, மூட்டை நகர்வதற்காகக் காத்திருந்தார்கள். மூட்டை நகரவில்லை.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. தினமும் முதலில் மேஸ்திரி வெறுங்கையோடு பலகையில் நடந்து, நடுவில் நின்று மூன்று முறை மிதித்து, சத்தம் கேட்டு, "நல்லாருக்கு" என்பார். அதன் பிறகுதான் மற்றவன் கால் வைப்பான். அன்று பொன்னுத்துரை கையைக் கட்டிக்கொண்டு கரையிலேயே நின்றார்.

"என்ன மேஸ்திரி, நடங்க" என்றார் மேலாளர்.

"நல்லாருக்குன்னு சொல்றவர்தான் மொதல்ல நடக்கணும் ஸயா. இன்னிக்குச் சொன்னது நீங்க. கையெழுத்து இருக்கு."

"நான் எதுக்குய்யா?"

"மூட்டை வேணாம். வெறுங்கையா நடங்க. நடுவுல மூணு மிதி. அவ்வளவுதான்."

கேமரா மேலாளர் பக்கம் திரும்பியது. அவர் செருப்பைக் கழற்றினார். பலகையைப் பார்த்தார், அதன் கீழே சேற்றுத் தண்ணீரையும் கல்லையும் பார்த்தார்.

"எழுத்து இருக்கே. எழுத்த மிதிக்கலாமா?"

"நாங்க அத்தன பேரும் மிதிக்கணும்னுதான எழுதினீங்க?"

படகுக்காரன் வெயிலில் கொட்டாவி விட்டான். மேலாளர் ஒரு காலை வைத்தார். பலகை லேசாக முனகியது. காலை எடுத்துவிட்டார்.

"யோவ், நடுவுல வெடிச்சிருக்குய்யா. நான் விழுந்துட மாட்டேனா?"

யாரும் சிரிக்கவில்லை. முகைதீன் இருந்திருந்தால் சிரித்திருப்பான்.

மூத்த இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தண்ணி வத்துறதுக்குள்ள படகு திரும்பணும். எதையாவது போட்டு எறக்குங்க" என்றார். நாலு பேர் கிடங்குக்குள் போனார்கள். தேக்குப் பலகை சுவரைவிட்டு இறங்கி, எழுத்துப் பக்கம் தண்ணீரைப் பார்க்கும்படி படகுக்கும் கரைக்கும் நடுவே விழுந்தது. பொன்னுத்துரை நடந்தார். மூன்று முறை மிதித்தார். கணீரென்றிருந்தது. "நல்லாருக்கு" என்றார். அறுநூறு மூட்டையும் ஒரு கால் சறுக்காமல் கரையேறின.

திட்டம் மாபெரும் வெற்றி என்று அறிக்கை தயாரானது. அதைத் தட்டச்சு செய்த மக்தலேனா, பழமொழிப் புத்தகத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தில் பேனாவால் நாற்பத்தொன்று என்று எண் போட்டாள். முதல் பத்தியில், 'நடுவுல வெடிச்சிருக்குய்யா' என்று மேலாளர் துறையில் சொன்னதை அப்படியே எழுதினாள். பொருள் என்ற இடத்தில், 'வெடிப்பு இருப்பது முன்னமே தெரியும்' என்று எழுதினாள். யார், யாரிடம், எப்போது என்ற மூன்றாம் பத்திக்குக் கொஞ்சம் யோசித்தாள்.

'மேலாளர், தொழிலாளிகளிடம். தம் கால் பலகைமேல் இருக்கும்போது மட்டும்.'