பனிக்கோம்பையில் சைக்கிள் திருட்டு ஒழிந்த வரலாறு

மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்தது எந்த ஆண்டு என்று எந்தப் பேராசிரியராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சக்கரம் திருட்டுப் போகாமல் காக்கும் வழியைக் கண்டுபிடித்தது 1974ஆம் ஆண்டு மே மாதம் பதினொன்றாம் தேதி, சனிக்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு. பனிக்கோம்பைப் பஞ்சாயத்தின் தீர்மானப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. மிளகாய் பஜ்ஜி வந்து சேர்ந்த நேரமும் அதுவே என்பதால் சந்தேகத்துக்கு இடமில்லை.

பனிக்கோம்பை ஒரு கோடை வாசஸ்தலம். சித்திரையில் கீழே வெண்ணந்தூரும் ராசிபுரமும் தோசைக்கல்லாகக் காயும்போது, வசதி உள்ளவர்கள் கம்பளிச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே போவார்கள். ஏரியில் படகு விடுவார்கள், நாய்க் கண்காட்சி பார்ப்பார்கள், சட்டையைப் போட ஒரு சந்தர்ப்பமும் வாய்க்காமல் இறங்கி வருவார்கள்.

அதே பாதையில் தினமும் ஏறி இறங்கியவன் அடிவாரத்துத் தங்கமுத்து. விடிந்ததும் தன் பச்சை சைக்கிளைப் பேருந்தின் கூரையில் ஏற்றிக்கொண்டு மேலே போவான். தோட்டங்களில் பலாவும் கொய்யாவும் வாங்கி, கேரியரில் இரண்டு மூட்டை, பாரில் ஒரு மூட்டை என்று கட்டிக்கொண்டு சைக்கிளிலேயே இறங்குவான். அந்தப் பாரத்துக்கு உலகத்தில் எந்த பிரேக்கும் நிற்காது. அதற்கு மலையில் பழம் இறக்குகிறவர்களிடம் ஒரு முறை இருந்தது. தழையோடு ஒரு கிளையை ஒடித்து, கயிற்றில் கட்டி, கேரியருக்குப் பின்னால் விட்டுவிடுவார்கள். கிளை தரையில் இழுபட்டுக்கொண்டே வரும், வண்டி சொன்ன பேச்சைக் கேட்கும். கீழே வந்ததும் தழையை ஆடு தின்றுவிடும். குச்சியைத் தங்கமுத்துவின் மனைவி சின்னாயி அடுப்பில் வைப்பாள்.

ஏப்ரல் கடைசியில் அந்தச் சைக்கிள் காணாமல் போயிற்று. மலைப் பேருந்து நிலையத்தில், பள்ளத்தை ஒட்டிய கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனவன் திரும்பி வந்து பார்த்தால் சுவர் மட்டும் நின்றுகொண்டிருந்தது. ஒரே மாதத்தில் அந்தச் சுவரோரம் காணாமல் போன நான்காவது சைக்கிள் அது. காடு கழனி இல்லாதவனுக்கு அந்தச் சைக்கிள்தான் பிழைப்பு. தலைச்சுமையாகப் பழத்தைச் சுமந்து இறங்கினால் சந்தை கலைகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேர முடியும்.

அடிவாரத்துக் காவல் நிலையத்தில் ஏட்டு பெரியசாமி படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார்.

"என்ன நெறம்?"

"பச்சைங்க."

"கேரியர் உண்டா?"

"பலாப்பழம் ஏத்தற கேரியருங்க. பெருசு."

"லைசென்ஸ் வில்லை நம்பர்?"

"அது சைக்கிள்லயே முடுக்கியிருக்குதுங்க."

ஏட்டு பேனாவை மூடினார். "நம்பர் இல்லாம புகாரை வாங்க முடியாதப்பா. போயி அந்தச் சைக்கிளைக் கொண்டா. நம்பரைப் பாத்து எழுதிக்கிட்டு, காணாமப் போச்சுன்னு பதிஞ்சுக்கலாம்."

சட்டத்தின் இந்த நுட்பத்தைச் சின்னாயிக்கு விளக்கத் தங்கமுத்துவால் முடியவில்லை. "ஏனுங்க, நம்மூட்டு அடுப்பு எரியறதுக்கும் நம்பர் வேணுமான்னு கேட்டுட்டு வாரதுதானுங்க?" என்றாள் அவள்.

நல்லவேளையாகப் பஞ்சாயத்துத் தலைவர் குமாரசாமி தூங்கிக்கொண்டிருக்கவில்லை. இரண்டு லாரியும் சமவெளியில் ஒரு மரம் அறுக்கும் மில்லும் வைத்திருந்த மனிதர், அத்தனை அலுவலுக்கு நடுவிலும் நாலு ஏழைகளின் சைக்கிளுக்காக மனம் உருகினார். 'மிதிவண்டித் திருட்டுத் தடுப்புக் குழு' உதயமாயிற்று. தலைவர், நிர்வாக அதிகாரி, ஏட்டு, ஏரியில் படகுக் குத்தகை எடுத்தவர், தலைவரின் மைத்துனர்கள் மூன்று பேர் என்று எல்லாத் தரப்புக்கும் அதில் இடம் தரப்பட்டது. பறிகொடுத்தவர்கள் சார்பில் தங்கமுத்து 'சிறப்பு அழைப்பாளர்' ஆனான். சிறப்பு அழைப்பாளருக்கு நாற்காலி கிடையாது. கதவருகே நின்றான்.

"திருடன் சைக்கிளை எப்பிடிக் கொண்டு போறான்?" என்று தலைவர் விவாதத்தைத் தொடங்கி வைத்தார்.

"ஓட்டிக்கொண்டு போகிறான் என்று கருத இடமிருக்கிறது," என்றார் நிர்வாக அதிகாரி.

"அப்ப வண்டியை நிறுத்தறவன் பெடலைக் கழட்டி ஆபீசுல ஒப்படைச்சிரோணும்," என்றார் மூத்த மைத்துனர்.

"எறக்கத்துல பெடல் எதுக்குங்க? அதுவா ஓடும்," என்றார் ஏட்டு.

"சீட்டைக் கழட்டிட்டா?"

"நின்னுக்கிட்டே போயிருவானுங்க."

ஏட்டு திருடனின் பக்கமிருந்து சிந்தித்த வேகத்தைக் கண்டு குழு வியந்தது. கடைசியில் தலைவரே ஒரு முடிவுக்கு வந்தார். "பிரேக்கைக் கழட்டுவோம். பதினெட்டு வளைவு. பிரேக் இல்லாம எவன் எறங்குவான்?"

கைதட்டல் எழுந்தது. நிர்வாக அதிகாரி எழுதத் தொடங்கிவிட்டார். அப்போது தங்கமுத்து வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் தொழில் தெரிந்தவனுக்குத் தப்பான பேச்சைக் கேட்டால் நாக்கு அரிக்கும்.

"அது ஆவாதுங்க தலைவரே. நாங்க ஆரும் பிரேக்கைப் புடிச்சு எறங்கறதில்லீங்க. கெளையைக் கட்டித்தானுங்க எறங்கறோம்."



"எந்தக் கெளைப்பா?" என்றார் தலைவர்.

"எதா இருந்தாலும் ஆகுமுங்க. தழை இருந்தாச் செரி."

"அந்தக் கெளை கெடைக்கலீன்னா?"

"கெடைக்கலீன்னா ஆராலயும் எறங்க முடியாதுங்க. எறங்கற மொத வளைவுலயே பள்ளத்துல கெடப்போம்."

தலைவர் முகத்தில் ஞானம் பரவியது. புத்தருக்கு ஒரு மரம் போதுமாக இருந்தது. தலைவருக்கு மலை முழுவதும் தேவைப்பட்டது.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. 'மிதிவண்டித் திருட்டுக்குக் கருவியாகப் பயன்படும் கிளைகளை மலைப்பாதை நெடுகிலும் அகற்றுவது. கிளைகள் மீண்டும் முளைக்கும் அபாயம் இருப்பதால், அவை எதிலிருந்து முளைக்கின்றனவோ அதையும் அகற்றுவது.' அகற்றியதைக் கொண்டுபோக வண்டி வேண்டுமே என்று நிர்வாக அதிகாரி கவலைப்பட்டார். தலைவர் தன் லாரிகளைத் தருவதாகச் சொன்னார். கொண்டுபோய் எங்கே வைப்பது என்றார் படகுக்காரர். தன் மில்லிலேயே கொஞ்சம் இடம் ஒதுக்குவதாகத் தலைவர் சொன்னபோது, அவரது பெருந்தன்மையைத் தாங்க முடியாமல் இளைய மைத்துனர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பஜ்ஜியில் மிளகாய் காரமாக இருந்தது.

எல்லாம் முறைப்படி நடந்தது. முதலில் மரங்களுக்குத் தாரால் எண் போட்டார்கள். ஒன்றாம் எண் அடிவாரத்தை ஒட்டிய முதல் வளைவில் இருந்த சில்வர் ஓக். நானூற்றுப் பன்னிரண்டாம் எண் மலைப் பேருந்து நிலையத்துப் பலா. எண்ணில்லாத மரத்தில் கை வைக்கக் கூடாது என்று தலைவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் சட்டத்தை மதிப்பவர். மறுவாரம் ரம்பங்கள் வந்தன.

ஆறாவது வளைவில் மரம் விழுகிற சத்தம் அடிவாரம் வரைக்கும் கேட்டபோது தங்கமுத்து பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினான். அடுத்த பேருந்தைப் பிடித்துப் போய் லாரிக்குப் பக்கத்தில் நின்ற தலைவரைப் பார்த்தான்.

"தலைவருங்க, நாஞ் சொன்னது கைத்தண்டி கெளைங்க. இது ரெண்டு பேரு சேந்து கட்டிப் புடிக்கற மரமுங்க."

"அது கைத்தண்டியா இருக்கறப்பவே யாராச்சும் கண்டிச்சிருக்கோணும். உட்டுட்டாங்க. இப்பப் பாரு, எத்தனை கெளை."

"ரோட்டோரத் தோட்டத்துப் பலாவையுமா வெட்டறது? பழத்துக்கு எங்கீங்க போவேன்?"

தலைவர் அவன் தோளில் கை வைத்தார். "உனக்குச் சைக்கிள் வேணுமா, வேண்டாமா?"

"வேணுமுங்க."

"அப்பப் பேசாம ஊட்டுக்குப் போ சாமி. உனக்காகத்தான் இத்தனையும்."

தங்கமுத்து பேசாமல் போனான். அன்றைக்குப் பேசாமல் போனதை நினைத்துப் பிற்பாடு அவன் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. ஆனால் அன்றைக்கு அவன் கண்ணில் பச்சை சைக்கிள் ஒன்றுதான் தெரிந்தது.

ஜூலை கடைசியில் நானூற்றுப் பன்னிரண்டாம் எண் சாய்ந்தது. பேருந்து நிலையத்துப் பள்ளம் முதல்முறையாக வெயிலைக் கண்டது. தலைவரின் லாரி டிரைவர் சுப்பையன் எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டான். பள்ளத்தில் நான்கு சைக்கிளும் கிடந்தன. பச்சை சைக்கிளின் மேல் ஒரு குரங்கு உட்கார்ந்து மணியை அடித்துக்கொண்டிருந்தது. கேரியர்ச் சாக்கில் ஒட்டிய பலாச்சுளை வாசத்துக்குக் குரங்குகள் சுற்றிக்கொண்டு இழுத்திருக்கின்றன. ஒவ்வொரு சைக்கிளும் அப்படித்தான் சுவரைத் தாண்டிக் கவிழ்ந்து பள்ளத்துக்குள் போயிருக்கிறது. பனிக்கோம்பையில் சைக்கிள் திருடன் என்று ஒருவன் என்றைக்கும் இருந்ததே இல்லை.

வேறு யாராவது என்றால் இந்த இடத்தில் சற்றுத் திகைத்திருப்பார்கள். தலைவர் திகைக்கவில்லை. சுதந்திர தினத்தன்று பேருந்து நிலையத்தில் பந்தல் போட்டு, கோணல் நிமிர்த்திய நான்கு சைக்கிளுக்கும் மாலை போட்டு, ஒலிபெருக்கியில் பேசினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! இந்த நாலு சைக்கிளையும் மூணு மாசமா ஒளிச்சு வெச்சிருந்தது யாரு? மரங்கள்! குற்றத்துக்கு உடந்தையாக இருந்த அந்த மரங்களை நமது குழு அகற்றியது. உண்மை வெளிச்சத்துக்கு வந்தது!"

பிறகு தங்கமுத்துவை மேடைக்கு அழைத்துப் பச்சை சைக்கிளை ஒப்படைத்தார். மூன்றரை மாதத்துக்குப் பின் கைப்பிடியைத் தொட்டபோது அவனுக்குக் கண் கலங்கியது. கூட்டம் அதை நன்றி என்று புரிந்துகொண்டு கைதட்டியது.

"அப்பிடியே பழத்தை ஏத்திக்கிட்டு அடிவாரம் வரைக்கும் ஓட்டிக் காட்டு," என்றார் தலைவர்.

தங்கமுத்து சுற்றிலும் பார்த்தான். ஏற்ற ஒரு பழம் இல்லை. கட்ட ஒரு கிளை இல்லை. பந்தல் கால்கள் மட்டும் மரமாக நின்றன.

"கெளை எங்கீங்க தலைவரே?"

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல் தலைவர் ஒலிபெருக்கிப் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? சைக்கிளோட சொந்தக்காரனாலயே இனி எறக்க முடியாது. திருடனால முடியுமா?" கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. தேசிய கீதம் பாடினார்கள். ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள்.

தங்கமுத்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பதினெட்டு வளைவும் நடந்தே இறங்கினான். நடுவில் ஒதுங்கி நிற்க ஒரு நிழல் கிடைக்கவில்லை. வழி நெடுக அடிமரங்களில் தார் எண்கள் மட்டும் மிச்சமிருந்தன. ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தான். அடிவாரம் வந்ததும் வீட்டுக்குத் திரும்பாமல் நேராகக் காவல் நிலையத்துக்குப் போனான். ஏட்டு பெரியசாமி விழா முடிந்து பேருந்தில் இறங்கி, அப்போதுதான் தொப்பியைக் கழற்றி வைத்திருந்தார்.

"அதான் சைக்கிள் கெடச்சிருச்சே. இன்னும் என்னப்பா?"

"இது வேற புகாருங்க. எழுதிக்குங்க."

ஏட்டு பழைய படிவத்தையே எடுத்தார். அந்த நிலையத்தில் வேறு படிவம் இல்லை.

"என்ன நெறம்?"

"பச்சைங்க."

"கேரியர் உண்டா?"

"இல்லீங்க. இல்லாமயே ஒன்னொன்னும் நூறு பழஞ் சுமந்துச்சுங்க."

ஏட்டு நிமிர்ந்து பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார். "நம்பர்? நம்பர் இல்லாமப் புகாரை வாங்க மாட்டேன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"இருக்குதுங்க. ஒன்னுல இருந்து நானூத்திப் பன்னெண்டு வரைக்கும். எல்லாம் தாருல எழுதியிருக்குது, போயிப் பாத்துக்கலாமுங்க."

பேனா நின்றது. பிறகு மெல்ல அடுத்த வரிக்கு நகர்ந்தது.

"கடைசியா எங்க பாத்தே?"

"தலைவரு லாரியிலதானுங்க."

"சந்தேகப்படற ஆளுங்க?"

"திருட்டுத் தடுப்புக் குழுங்க."

ஏட்டு வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "குழுவுல மொத்தம் ஆறு பேருதானப்பா?"

"உங்களோட ஏழுங்க," என்றான் தங்கமுத்து. "கெளையைக் காட்டிக் குடுத்தவன் நானு. என்னையுஞ் சேத்து எட்டுன்னு எழுதுங்க."