ஏழு சட்டை, ஒரே வயிறு

நடப்பதில்லை என்று நான் எடுத்த முடிவு மாதிரி உறுதியான ஒரு முடிவை எங்கள் தெருவில் யாரும் எடுத்திருக்க மாட்டார்கள்.

டாக்டர் என் வயிற்றை விரலால் தட்டிப் பார்த்து, தினமும் காலையில் அரை மணி நேரம் பார்க்கில் நடக்கச் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தேன். தலையாட்டுவதும் உடற்பயிற்சிதானே. ஆனால் காலை ஆறரையிலிருந்து ஏழு வரை முக்குப் பேக்கரியில் பன்னும் காப்பியுமாக உட்காருவது என் பதினாறு வருடப் பழக்கம். யாரும் என்னை எந்த வேலையும் ஏவாத நேரம் அது ஒன்றுதான். அதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

மனைவிக்கு என்னைத் தெரியும். "பார்க்குலேருந்து தினம் ஒரு போட்டோ அனுப்புங்க. பாத்தாதான் நம்புவேன்" என்றாள்.

வேறு எதைக் கேட்டிருந்தாலும் மாட்டியிருப்பேன். எனக்கு வேலையே போட்டோ ஸ்டுடியோவில்தான். வெளிநாட்டில் இருக்கும் மகனைக் குடும்பப் படத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவேன். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பியைத் தோளில் கைபோட வைப்பேன். நாலு படத்தை ஒரே படமாக்கினால் ஒட்டு எங்கே என்று பெற்ற தாய்க்கே தெரியாது. ஊரார் உடம்புக்கே இவ்வளவு செய்கிறவன், சொந்த உடம்பைப் பார்க்கில் கொண்டுபோய் நிறுத்த மாட்டேனா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு ஸ்கூட்டரில் பார்க்குக்குப் போய், மரம், பெஞ்சு, குழாயடி என்று அறுபது இடங்களை ஆளில்லாமல் எடுத்தேன். அடுத்த நாள் அவள் தங்கை வீட்டுக்குப் போன நேரத்தில், படுக்கையறை வெள்ளைச் சுவர் முன்னால் ஏழு சட்டையையும் மாற்றி மாற்றிப் போட்டு என்னை எடுத்தேன். நடக்கிற மாதிரி ஒரு காலைத் தூக்கி, விழாமல் இருக்க பீரோவைப் பிடித்துக்கொண்டேன். பீரோவைப் பிறகு அழித்துவிட்டேன். வேர்வைக்கு, பூந்தொட்டிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டில். அன்று பட்ட பாட்டுக்கு நிஜமாகவே நாலு நாள் நடந்திருக்கலாம்.

அப்புறம் ஒரே சுகம். பேக்கரியில் காப்பி வருவதற்குள் போனில் என்னை ஒரு மரத்தடியில் ஒட்டி, வெயிலுக்குத் தகுந்த நிழலையும் போட்டு அனுப்பிவிடுவேன். பதிலுக்கு அவளிடமிருந்து ஒரு கட்டைவிரல் வரும்.

மாதம் முடிந்ததும் டாக்டரிடம் போனோம். முப்பது படத்தையும் அவள் வரிசையாகக் காட்டினாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் வயிறு ஒரு நூல்கூட மாறவில்லையே என்றார். எப்படி மாறும்? எல்லாம் ஒரே மத்தியானத்து வயிறு. அரை மணி போதாது, இனிமேல் ஒரு மணி நேரம் என்று எழுதிக்கொடுத்தார்.

சாதாரண ஆளாக இருந்தால் அந்த இடத்தில் நொந்துபோய் நடக்க ஆரம்பித்திருப்பான். நான் வயிற்றை அழிக்க ஆரம்பித்தேன். திங்களுக்குக் கொஞ்சம், செவ்வாய்க்குக் கொஞ்சம். கழுத்து மடிப்பையும் விடவில்லை. நேரம் ஒரு மணியானதால் பன்னும் இரண்டானது. வீட்டில் தொளதொள பைஜாமாவில் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு திரிந்தேன்.

"ஏங்க, படத்துல பாத்தா கல்யாணத்தப்ப இருந்த மாதிரி எளைச்சிட்டீங்க" என்றாள் ஒருநாள்.

"எல்லாம் உழைப்பும்மா."

"நேர்ல அவ்வளவா தெரியலையே."

"தினம் பாக்குற கண்ணுக்கு அது தெரியாது."

கொஞ்சம் யோசித்துவிட்டு, அதுவும் சரிதான் என்று ஒத்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லி அவள் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அது. அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மூன்று நாள் லீவைப் பைஜாமாவிலேயே கழித்துவிட்டு, இன்று காலை பேக்கரிக்குப் போய் அப்படியே வேலைக்கும் போய்விடலாம் என்று பீரோவைத் திறந்தேன். ஏழு சட்டையும் நாலு பேண்ட்டும் இஸ்திரி போட்டு அடுக்கியிருந்தன. பேண்ட்டில் காலை விட்டேன். தொடையோடு நின்றுவிட்டது. சட்டையில் பட்டனும் ஓட்டையும் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பியாக விலகி நின்றன.

"இதெல்லாம் யாரோடது?"

"உங்களோடதுதான். எளைச்சவரு இன்னும் தொளதொளன்னு போட்டுக்கிட்டா நல்லாவா இருக்கு? கீழ்வீட்டுத் தையல்காரர்கிட்ட குடுத்துப் பிடிச்சுத் தைக்கச் சொன்னேன்."

"என்னைக் கேக்காம யாரு அளவு குடுத்தா?"

"போன வாரம் நீங்க அனுப்புன படத்தக் காட்டினேன். அத வெச்சே எடுத்துக்கிட்டாரு."

பிரித்துவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு தையலைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே மிச்சத் துணியே இல்லை. ஒட்ட வெட்டியிருந்தார். அந்தத் துணி எங்கே என்று கேட்டேன். கோடும் கட்டமுமாக ஒரு பையைக் கொண்டுவந்து என் தோளில் மாட்டினாள். என் ஏழு சட்டையையும் நாலு பேண்ட்டையும் சேர்த்து ஒரே பையாக்கியிருந்தார்கள். ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை.

"தண்ணி பாட்டில் வெச்சுக்கத்தான். கைல தூக்கிட்டு நடந்தா வலிக்கும்ல."

புதுத் துணி எடுத்துக்கொள்கிறேன் என்று ஆரம்பித்தேன். எளைச்சவருக்கு எதுக்குங்க பெரிய அளவு என்று முடித்துவிட்டாள். பைஜாமாவோடு எத்தனை நாள் ஸ்டுடியோவுக்குப் போவது? அந்தப் படத்தில் இருக்கிறவனின் அளவுக்கு நான் வந்தே ஆக வேண்டும். ஸ்டுடியோவுக்கு லீவு சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன். உறுதியில் மட்டும் நான் யாருக்கும் குறைந்தவனில்லை.

"வழக்கம்போல பார்க்குக்குப் போயிட்டு வரேன்" என்றேன் விறைப்பாக.

"இன்னைக்கு ரோட்டோரமாவே நடங்க" என்றாள். "பார்க்குல வேலை நடக்குதுன்னு பூட்டி மூணு வாரமாச்சு."